போகும்போது ரயில், திரும்பும்போது பேருந்து
வாசகர் கேள்வி – பதில்

மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கும் ரயில், பேருந்துப் பயணங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். விடுதி வாடகை, சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றைக் கேட்டவர்களுக்கு இங்கே இடமில்லை. வழியையும் வழியில் தெரியும் நிலத்தையும் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து மலையையும் காட்டையும் பார்த்தபடியே கேரளத்துக்குள் போக வேண்டும். சொந்தக் கார் கிடையாது. எந்த வழி நல்லது?
– வாசகர், விருதுநகர்

பதில்: உங்கள் வாசலிலேயே செங்கோட்டை – புனலூர் பாதை இருக்கிறது. தென்னிந்தியாவில் ரயிலில் மலை கடக்க ஒரே ஒரு முறைதான் வாய்க்கும் என்றால் நான் இந்தப் பாதையைத்தான் தேர்ந்தெடுப்பேன். பயணம் மலையில் தொடங்குவதில்லை, உங்கள் ஊர்க் கரிசல் காட்டிலேயே தொடங்கிவிடுகிறது என்பது இதன் முதல் சிறப்பு. சிவகாசியையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் தாண்டும்போது வலப்பக்கத்தில் மலை ஒரு நீலக் கோடாகத்தான் தெரியும்; ராஜபாளையத்தில் அது சற்று நெருங்கி வரும்; சங்கரன்கோவில் பக்கம் மறுபடியும் விலகிப் போய், கடையநல்லூர், தென்காசி வரும்போது வயலுக்குப் பின்னால் சுவர்போல எழுந்து நிற்கும். மானாவாரிக் காடு முடிந்து குளத்துப் பாசனமும் நெல்லும் தொடங்கும் இடம் எது என்று சன்னலோரத்தில் உட்கார்ந்து கவனித்து வாருங்கள். அந்த மாற்றம் சட்டென்று நடப்பதில்லை என்பதால் தூங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது நடந்ததே தெரியாது.

செங்கோட்டைக்கு மேற்கே பகவதிபுரத்தைத் தாண்டியதும் ரயில் நீண்ட சுரங்கம் ஒன்றுக்குள் நுழைகிறது. மறுபக்கம் வெளியே வரும்போது நீங்கள் ஆரியங்காவுப் பக்கத்தில், கேரளத்தில் இருப்பீர்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்தச் சுரங்கத்தைக் கடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: நுழையும்போது வெயில் அடித்திருக்கும், வெளியே வரும்போது மழை கொட்டிக்கொண்டிருக்கும். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து அங்கேயே மழையைக் கொட்டிவிட்டு, மீந்த ஈரத்தோடுதான் கிழக்கே இறங்குகிறது. கணவாய் வழியாகத் தப்பி வரும் அந்த மீதிதான் குற்றாலத்துச் சாரல். ஒரே மலையின் இரண்டு முதுகுகளும் இத்தனை வேறுபட்டிருப்பதற்கு இதுவே காரணம்.

இந்தப் பாதை 1904-ஆம் ஆண்டில் மீட்டர் கேஜ் பாதையாகத் திறக்கப்பட்டது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோதுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் மலைப்பகுதியில் ரயில் நிறுத்தப்பட்டது, 2018-இல்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. அந்த எட்டு ஆண்டுகளில் பாதை ஒரேயடியாகப் போய்விட்டது என்று நான் நம்பிவிட்டேன். அது பொய்த்துப் போனதில் எனக்கு மகிழ்ச்சியே. மலைப்பகுதியில் ரயில் இன்றும் மெதுவாகத்தான் போகிறது. அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் அடுத்த முறை பகலில் பயணம் செய்து பார்க்கட்டும்.

கழுதுருட்டிக்கும் தென்மலைக்கும் இடையில் புகழ்பெற்ற பதின்மூன்று கண் பாலம் வருகிறது. கருங்கல்லால் கட்டிய வளைவுகளைத் தமிழில் ‘கண்’ என்றும் மலையாளத்தில் ‘கண்ணறை’ என்றும் சொல்கிறார்கள். பாலத்துக்குக் கண் வைத்துப் பார்த்ததில் இரு மொழிகளுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ரயிலில் போகிறவருக்கு இந்தப் பாலம் தெரியாது, ஏனென்றால் அவர் பாலத்தின் மேலேயே இருக்கிறார். கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலை பாலத்தின் அடிவாரத்தை ஒட்டிப் போவதால், பேருந்தில் போகிறவருக்குப் பதின்மூன்று கண்களும் வரிசையாகத் தெரியும். அவர் இழப்பது சுரங்கங்களையும், ரயில் மட்டுமே நுழையும் காட்டு வளைவுகளையும். ஆகவே போகும்போது ரயிலிலும் திரும்பும்போது பேருந்திலும் வாருங்கள். இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான். மலையில் ரயில் பாதைக்குச் செங்குத்தாக ஏறும் வலு கிடையாது, ஆகவே அது சரிவைச் சுற்றியும் பாறையைக் குடைந்தும் போகிறது. சாலை ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு ஊர்கள் வழியாக ஏறி இறங்குகிறது. இரண்டும் ஒரே மலையைக் கடந்தாலும் காட்டுவது ஒரே மலையை அல்ல.

புனலூரில் இறங்கினால் கல்லடையாற்றின் மேல் 1877-இல் கட்டிய தொங்குபாலத்தில் நடந்துவிட்டு, ஓர் இரவு தங்கி, மறுநாள் காலைப் பேருந்தைப் பிடியுங்கள். தென்மலை அணை, பாலருவி இரண்டும் சாலை வழியில்தான் இருக்கின்றன.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயிலுக்கு மூன்று முறை முயன்றும் இடம் கிடைக்கவில்லை. குன்னூரில் ஏறி ஊட்டி வரை போனால் அதே அனுபவம்தானே?
– வாசகி, சென்னை

பதில்: அதே அனுபவம் இல்லை. குன்னூருக்கு மேலே ஓடுவது அழகான மலைப்பாதை. குன்னூருக்குக் கீழே இருப்பதோ உலகில் அரிதான பல்சக்கரப் பாதை. கல்லாறு முதல் குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரட்டை எஃகுப் பட்டைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த பட்டையின் பள்ளம் வருமாறு அவற்றை மாற்றி வைத்திருப்பதால், எஞ்சினின் அடியில் சுழலும் பல்சக்கரம் எந்தக் கணத்திலும் பிடியை விடுவதில்லை. பன்னிரண்டே கால் அடி நகர்ந்தால் ஓர் அடி உயரும் ஏற்றத்தில் சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. ஆகவே ஏறும்போது முதல் பெட்டியில் இருப்பவருக்குக் கண்முன்னே தண்டவாளத்தையும் காட்டையும் தவிர ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஊழியர் நின்றுகொண்டே வருவதையும், கொடி காட்டிப் பேசிக்கொள்வதையும் பாருங்கள்.

ரயில் 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் வந்தது. ஏறத்தாழ 46 கிலோமீட்டரில் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரிலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து 2,203 மீட்டரிலுள்ள உதகைக்கு ஏற வேண்டும். வழியில் 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. நீராவி எஞ்சின்களில் பழையவை சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. அவற்றைப் பின்பற்றித் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதியவை கட்டப்பட்டன என்பதை ஊட்டிக்குப் போகிறவர்கள் பலர் அறிவதில்லை.

நிலம் மாறுவதைக் கேட்டீர்களானால், மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் பாக்குத் தோப்புகள், கல்லாற்றுக்கு மேல் அடர்ந்த காடு, குன்னூரை நெருங்கும்போது தேயிலை, அதற்கும் மேலே கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டும் முட்டைக்கோசும் விளையும் படிக்கட்டு வயல்கள், உள்ளூர்க்காரர்கள் கற்பூர மரம் என்று சொல்லும் தைல மரங்கள். ஐந்து மணி நேரத்துக்குள் இத்தனை தாவரங்களை நடையில் பார்க்க முடியாது, காரிலும் பார்க்க முடியாது.

இடம் கிடைக்க வழி: 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது, ஆகவே அந்த நாளின் காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். ஏறும் ரயிலுக்குக் கிடைக்காவிட்டால் இறங்கும் ரயிலுக்கு முயலுங்கள். பல்சக்கரப் பகுதி அதிலும் உண்டு. கோடை விடுமுறையைத் தவிருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை மூடப்படுவது வழக்கம், அதையும் மனத்தில் வையுங்கள். ஒன்றும் அமையாவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை அரசுப் பேருந்தில் ஏறி, குன்னூரிலிருந்து டீசல் எஞ்சின் இழுக்கும் ரயிலில் போகலாம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு வேண்டாம். கார் இல்லாதவருக்கு மலையில் சலுகை கிடைப்பது அபூர்வம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: கோவையிலிருந்து ரயிலில் பாலக்காட்டுக்குப் போனேன். மலையைக் கடந்ததே தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஏமாறவில்லை, நீங்கள் கடந்தது மலையின் இடைவெளியை. வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. அதனால்தான் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் ரயில் 1862-லேயே இந்த வழியாக வந்துவிட்டது. செங்கோட்டைப் பாதை அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பாலக்காடு 100 மீட்டருக்கும் கீழே. அந்த இறக்கம் உடம்புக்குத் தெரிவதே இல்லை.

உங்கள் தவறு, பாலக்காட்டிலேயே இறங்கியது. கணவாய்க் காற்று உள்ளே வரை வீசுவதால் அங்கேயும் பனைமரங்கள்தான் கண்ணில் படும். கேரளம் என்று நாம் கற்பனை செய்வது அதற்கும் மேற்கே, பாரதப்புழை ரயிலோடு சேர்ந்து ஓடத் தொடங்கும்போதுதான் வருகிறது. ஷொரணூர் வரை போய், அங்கிருந்து நிலம்பூருக்குக் கிளைப்பாதையில் ஏறுங்கள். 66 கிலோமீட்டர் தூரமும் மரங்கள் கவிந்த சின்னச் சின்ன நிலையங்கள், ரப்பர்த் தோட்டங்கள், கடைசியில் ஆங்கிலேயர் 1840-களில் நட்டுத் தொடங்கிய தேக்குத் தோட்டங்கள். நிலம்பூரிலிருந்து வழிக்கடவு, நாடுகாணி வழியாகக் கூடலூருக்குப் பேருந்து ஏறினால், ரயிலில் காணாமல் போன மலையைச் சாலையில் முழுதாக ஏறிவிடலாம். கூடலூரிலிருந்து உதகை, உதகையிலிருந்து மேட்டுப்பாளையம், அங்கிருந்து கோவை. இப்படி ஒரு வட்டம் அடித்தால் நீலகிரியை நான்கு பக்கத்திலிருந்தும் பார்த்ததாகும்.

வாளையாற்றுப் பகுதியில் ரயில் மெதுவாகப் போனால் சலித்துக்கொள்ளாதீர்கள். அங்கே யானைகள் தண்டவாளத்தைக் கடக்கின்றன, பல யானைகள் அடிபட்டும் இறந்திருக்கின்றன.

கேள்வி: கொண்டை ஊசி வளைவு என்றாலே அம்மாவுக்குக் குமட்டல். மலைப் பேருந்தில் அழைத்துப் போகலாமா?
– வாசகி, மதுரை

பதில்: அழைத்துப் போகலாம். பின்சக்கரத்துக்கு மேலும் பின்னாலும் உள்ள இருக்கைகளைத் தவிர்த்து, ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். கைப்பேசியையும் புத்தகத்தையும் பார்க்காமல் தொலைவிலுள்ள மலையைப் பார்த்துக்கொண்டு வரட்டும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும். எழுபது வளைவுகள் கொண்ட கொல்லிமலையில் தொடங்க வேண்டாம், போடிமெட்டின் பதினேழு வளைவுகளில் தொடங்குங்கள். அங்கே மேலே ஏறியதும் ஏலக்காய்த் தோட்டங்களின் மணம் வரும், அதில் குமட்டல் பாதி மறந்துபோகும். மாத்திரை வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டே கொடுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை வழியாக அதிரப்பள்ளிக்குப் பேருந்திலேயே போக முடியுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: முடியும், பொறுமை வேண்டும். ஆழியாற்றிலிருந்து நாற்பது வளைவுகள். ஒன்பதாவது வளைவிலிருந்து திரும்பிப் பார்த்தால் ஆழியாறு அணையும் பொள்ளாச்சிச் சமவெளியும் கீழே விரிந்து கிடக்கும். சாலையோரப் பாறைகளில் நம் மாநில விலங்கான வரையாடுகள் நிற்பதைப் பேருந்துப் பயணிகள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் காரில் வருகிறவரைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரிகிறது. கிழக்குச் சரிவு முள்ளும் புதருமான வறண்ட காடு, மேலே ஏறினால் தேயிலை, தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக விட்டுவைத்த மழைக்காடு. தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லார் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. பொள்ளாச்சியில் புழுதி பறந்துகொண்டிருக்கும் அதே நாளில் அங்கே குடை இல்லாமல் நடக்க முடியாது.

வால்பாறைக்கு மேற்கே சோலையாறு, மலக்கப்பாறை, வாழச்சால் வழியாகப் போகும் சாலை அடர்ந்த காட்டுக்குள் செல்கிறது. இருவாச்சிப் பறவையின் சிறகடிப்பை எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்க வாய்ப்புள்ள பேருந்துப் பாதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். இரவில் சோதனைச்சாவடிகள் மூடப்படும், பேருந்துகளும் குறைவு. வால்பாறையில் ஓர் இரவு தங்கி, மாலையிலேயே நிலையத்தில் மறுநாள் பேருந்தின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் தேநீர்க்கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட நேரத்தை நம்பி, மலக்கப்பாறையில் நான்கு மணி நேரம் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் மேல் குற்றமில்லை. அவர் சொன்னது அதற்கு முந்தைய ஆண்டின் நேரம்.

கேள்வி: கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டியில் போவது காசுக்குத் தகுமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: உங்கள் ஊரிலிருந்து மங்களூர் போகும் பகல் ரயில்களில் 2021 ஜூலை முதல் அந்தப் பெட்டியை இணைத்தார்கள். சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்யா ரோடுக்கும் இடையே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் மலைப்பகுதியில் 57 சுரங்கங்கள். மழை நாளில் மேலிருந்து விழும் அருவிகளைத் தலைக்கு மேலேயே பார்க்கலாம் என்பதால் ஒருமுறை தகும். ஆனால் காடு என்பது பார்ப்பதற்கு மட்டுமல்ல. ஈர மண்ணின் வாசனையும், சுரங்கத்துக்குள் நுழைந்ததும் முகத்தில் மோதும் குளிரும், பாறையிலிருந்து கையில் தெறிக்கும் தண்ணீரும் குளிரூட்டிய கண்ணாடிக்குள் வருவதில்லை. நான் கம்பி போட்ட சாதாரணச் சன்னலையே விரும்புகிறேன். வாசலில் தொங்கிப் படம் எடுக்கிறவர்களை இதில் சேர்க்கவில்லை. பாறைச் சுவர் எத்தனை அருகில் வரும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

மலையைக் கடக்காமல் அதன் காலடியிலேயே போக விரும்பினால் கொங்கண் பாதை இருக்கிறது: மகாராஷ்டிரத்திலுள்ள ரோஹா முதல் மங்களூர் அருகிலுள்ள தோக்கூர் வரை ஏறத்தாழ 740 கிலோமீட்டர், 90-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள், 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அங்கே இரவு ரயிலில் ஏறுவது பணத்தை ஆற்றில் போடுவதற்குச் சமம். கோவாவின் மட்காவ் நிலையத்திலிருந்து காலையில் புறப்பட்டு இரவில் மும்பை சேரும் மாண்டவி எக்ஸ்பிரஸில் போங்கள். மழைக்காலத்தில் அங்கே ரயில்கள் வேகம் குறைத்துத் தனி அட்டவணையில் ஓடுகின்றன, ஆகவே நேரத்தை மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: என் பத்து வயது மகனுக்கு அரை மணி நேரத்தில் சன்னல் சலித்துவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். ஒவ்வொரு ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையிலும் கடல் மட்டத்திலிருந்து அந்த ஊரின் உயரம் எழுதியிருக்கும். அதை வரிசையாகக் குறித்துக்கொண்டு வந்தால், வீட்டுக்கு வந்ததும் கட்டம் போட்ட தாளில் மலையையே வரைந்துவிடலாம்.

கேள்வி: எல்லாக் கணவாயையும் புகழ்கிறீர்கள். எங்கள் ஆரல்வாய்மொழி மட்டும் உங்கள் கண்ணில் படவில்லையா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கண்ணில் பட்டது, கடைசியில் வைத்திருந்தேன். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகும் இடத்தில் இருக்கும் இந்த வாய் வழியாக 1981-இல்தான் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது. நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று செம்மண்ணும் பனையுமாக வந்துகொண்டிருக்கும்போது முப்பந்தல் பக்கம் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் எழுந்து நிற்கும். ஆடி மாதத்தில் சன்னலைத் திறந்து வைத்தால் அவை ஏன் அங்கே நிற்கின்றன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே நாஞ்சில் நாட்டு நெல்வயலும் வாழையும் தென்னையும் வந்துவிடும். செங்கோட்டையில் சுரங்கம் செய்யும் வேலையை இங்கே காற்று செய்கிறது.

இங்கும் ஒருவழி ரயில், மறுவழி பேருந்து என்றே சொல்வேன். திரும்பும்போது நாகர்கோவிலில் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்துத் தோவாளையில் இறங்கினால், பூச்சந்தையில் பிச்சியும் அரளியும் குவியல் குவியலாகக் கைமாறுவதைப் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்குள் வியாபாரம் முடிந்துவிடும் என்பதால் முதல் பேருந்தையே பிடியுங்கள்.